அரசுக் கணிப்பொறிகளும் மெய்நிகர் எந்திரங்களும்

(திருவனந்தபுரத்தில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மெய்நிகர் எந்திரங்களை நடத்தும் ஹைப்பர்வைசரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுத்த பின் அதனை எவ்வாறு நடத்துவது என்பது இன்று எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். கேட்பதற்கு இது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய செய்தியாகத் தோன்றும். ஆனால் ஓய்வூதியப் பட்டியலும் நிலவரி ரசீதும் பிறப்புச் சான்றிதழும் கணிப்பொறி வழியே வழங்கப்படும் காலத்தில், அந்தக் கணிப்பொறிகளுக்கு அடியில் ஓடும் மென்பொருளின் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது நிர்வாகத்தைப் பற்றிய கேள்வியே ஆகும். ஆகையால் கோப்பில் கையெழுத்திடும் அலுவலரும் இதனை ஓரளவு அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு காலத்தில் நமது அலுவலகங்களில் ஒரு பணிக்கு ஒரு சர்வர் என்பதே வழக்கம். சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புப் பதிவுக்கு ஒன்று என வாங்கி வைத்தோம். சம்பளப் பட்டியல் சர்வருக்கு மாதத்தில் நான்கைந்து நாள் ஓயாத வேலை. எஞ்சிய நாட்களில் அது சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் மின்சாரம் செலவாகும். அறையைக் குளிரூட்டவும் வேண்டும். ஹைப்பர்வைசர் என்பது ஒரே மெய்யான எந்திரத்தின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, பல இயங்குதளங்களுக்கு ஒரே நேரத்தில் அளிக்கும் மென்பொருள். ஒவ்வோர் இயங்குதளமும் தனக்கென ஓர் எந்திரம் இருப்பதாகவே கருதிச் செயல்படும்.

இதனை அடுக்ககத்திற்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி வாசல், தனிச் சமையலறை உண்டு. ஃபிரீ பி.எஸ்.டி.யின் ஜெயில், சோலாரிஸின் ஸோன், இன்று பெரிதும் பேசப்படும் கன்டெய்னர் ஆகியவை வேறு வகை. அவை ஒண்டுக்குடித்தனம் போன்றவை. அறைகள் தனியாக இருந்தாலும் கிணறு ஒன்றுதான். அந்தக் கிணறுதான் கெர்னல். கிணறு கெட்டால் அத்தனை குடித்தனங்களுக்கும் தொல்லை. ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் செலவு குறைவு என்பதையும் மறுக்க இயலாது. ஒரே துறையின் சிறு சிறு பணிகளுக்குக் கன்டெய்னர் போதும். இரு வேறு துறைகளின் ஆவணங்களை ஒரே எந்திரத்தில் வைப்பதாயின் மெய்நிகர் எந்திரமே ஏற்றது.

இந்தக் கருத்து புதியதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையத்தில் 1967-ல் சி.பி.-40 என்னும் அமைப்பு இயங்கத் தொடங்கியது. 1972-ல் அதன் வழித்தோன்றலான வி.எம்./370 விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. எந்தச் செயலியில் மெய்நிகர் எந்திரத்தை ஒழுங்காக நடத்த இயலும் என்பதற்கான நிபந்தனைகளைப் போபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர் 1974-ல் வகுத்துரைத்தனர். எந்திரத்தின் நிலையை மாற்றக்கூடிய கட்டளை எதுவாயினும் அது மேற்பார்வையாளனாகிய ஹைப்பர்வைசரின் பார்வைக்கு வந்தே தீர வேண்டும் என்பது அதன் சாரம். நாம் மலிவாக வாங்கிப் பயன்படுத்திய இன்டெல் செயலிகள் இந்த நிபந்தனையை நெடுங்காலம் நிறைவேற்றவில்லை. பதினேழு கட்டளைகள் மேற்பார்வையாளன் கண்ணில் படாமல் நழுவிச் சென்றன என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வி.எம்.வேர் நிறுவனம் 1999-ல் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி இடரைக் கடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003-ல் வெளியான ஸென், விருந்தினராக வரும் இயங்குதளத்தையே சற்றுத் திருத்தி அமைத்தது. கடல் கடந்த இரு கேம்பிரிட்ஜுகளும் இவ்வரலாற்றில் இடம்பெறுவது ஒரு வேடிக்கையான பொருத்தம். பின்னர் 2005-ல் இன்டெல்லும் 2006-ல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. பிப்ரவரி 2007-ல் லினக்ஸ் 2.6.20 பதிப்புடன் கே.வி.எம். கெர்னலுக்குள்ளேயே இடம் பெற்றது. ஃபிரீ பி.எஸ்.டி.யில் 2014-ல் வந்த 10.0 பதிப்பு முதல் பீஹைவ் என்னும் ஹைப்பர்வைசர் உள்ளது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

கேரள அரசின் மாநிலத் தரவு மையங்கள் இந்நகரில் இரண்டு உள்ளன. ஒன்று பாளையத்தில் கோ-பேங்க் டவர்ஸ் கட்டடத்திலும், மற்றொன்று டெக்னோபார்க்கின் தேஜஸ்வினி கட்டடத்திலும் அமைந்தவை. மாநிலத் தகவல் தொழில்நுட்ப மிஷன் இவற்றைக் கவனித்து வருகிறது. 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்நகருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்திய அமைப்பு ஜூலை 2001-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இங்கேதான் தொடங்கப்பெற்றது. மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு வெளிப்படையான ஆதரவு அளித்தது. அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிகள் லினக்ஸுக்கு மாறின. மின்வாரியம் மின்கட்டணப் பட்டியலுக்கான 'ஒரும' என்னும் மென்பொருளைத் தன் ஊழியர்களைக் கொண்டே எழுதிக்கொண்டது. நம் 'ஒருமை'க்கு மலையாளத்தில் அதுவே சொல். மைய அரசும் 2015-ல் இதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது கட்டற்ற மென்பொருளையும் கருத்தில் கொள்ளுமாறு கட்டாய விதி சேர்க்க வேண்டும், அதனை விலக்கும் நிறுவனம் காரணம் கூற வேண்டும் என்பன அதில் உள்ளன.

ஆயினும் மேசை மீதுள்ள கணிப்பொறியில் கட்டற்ற மென்பொருளை வைத்துவிட்டு, அதன் பணி நடைபெறும் சர்வருக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கேளாமல் விட்ட அலுவலகங்கள் நாடெங்கும் பல. ஹைப்பர்வைசர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சர்வர் வாங்கும்போது அதனோடு சேர்ந்து வரும் உருப்படியாகவே கோப்பில் அது இடம்பெறுகிறது. இதன் விளைவு 2023-ல் வெளிப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது. டிசம்பரில் நிரந்தர உரிமங்களை விற்பது நிறுத்தப்பட்டு, ஆண்டுச் சந்தா முறை மட்டுமே என அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 2024-ல் விலையின்றி அளிக்கப்பட்டுவந்த பதிப்பும் நின்றது; ஏப்ரல் 2025-ல் அது மீண்டும் வந்தது. அந்த மென்பொருளின் தரத்தில் குறை கூற நான் வரவில்லை. அது சிறந்த மென்பொருள்தான். ஒரு தனியார் நிறுவனம் தன் விலையையும் விதியையும் மாற்றிக்கொள்ள உரிமை உடையது. ஆனால் மார்ச் மாதத்தில் வரவு செலவுத் திட்டம் முடிந்துவிட்ட ஒரு துறை, ஜூன் மாதத்தில் அந்த மாற்றத்திற்கு எந்தத் தலைப்பின் கீழ்ப் பணம் காணும்? வேறிடம் செல்லலாம் என்றாலோ, நூற்றுக்கணக்கான மெய்நிகர் எந்திரங்களை வட்டு வடிவம் மாற்றி, பிணையத்தைத் திருத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்ற வேண்டும். அது ஓரிரு மாதங்களில் முடியும் பணியன்று.

எனவே ஹைப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி வேகத்தைப் பற்றியதன்று. வேகத்தில் இன்று பெரிய வேறுபாடு இல்லை. இதனை விட்டு வெளியேற வேண்டுமானால் வழி என்ன, அதற்கு எத்தனை நாளாகும் என்பதே என் கேள்வி.

கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டால் இக்கேள்வி எழாது என்று எண்ணிவிட வேண்டாம். 2007-ல் வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 5-ஆம் பதிப்பில் ஸென் இருந்தது. அதனை நம்பி அமைத்தவர்கள் 2010-ல் 6-ஆம் பதிப்பு வந்தபோது, அங்கு ஸென் இல்லை, கே.வி.எம். மட்டுமே என்பதைக் கண்டனர். விலையின்றிக் கிடைத்த சென்ட்ஓஎஸ் 8-ஆம் பதிப்பின் ஆதரவு, முன்பு கூறிய காலத்திற்கு வெகு முன்னரே, 2021 இறுதியில் முடிந்தது. கட்டற்ற மென்பொருளும் மாறும். வேறுபாடு என்னவென்றால், மூல நிரலும் வட்டின் வடிவமும் வெளிப்படையாக இருப்பதால், அதே கே.வி.எம்.மை டெபியனிலோ உபுண்டுவிலோ தொடர்ந்து நடத்தலாம். பூட்டை மாற்றும் உரிமை நம்மிடம் இருக்கிறது. மாற்றும் உழைப்பும் நம்முடையதே.

எனது பரிந்துரையை மறைத்துப் பேச விரும்பவில்லை. லினக்ஸ் தெரிந்த ஊழியர்கள் இருவர் மூவர் உள்ள அரசு அலுவலகத்திற்குக் கே.வி.எம். ஏற்றது. காரணம் எளிது. கே.வி.எம்.மில் ஒவ்வொரு மெய்நிகர் எந்திரமும் லினக்ஸின் பார்வையில் ஒரு சாதாரணச் செயல்முறை. ஓடும் பணிகளைப் பட்டியலிடும் வழக்கமான கட்டளையை இட்டால் அதுவும் பட்டியலில் நிற்கும். அதற்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு செயலியும் ஓர் இழை. நினைவகத்தை அளக்கவும் முன்னுரிமையைக் குறைக்கவும் தேவையெனில் நிறுத்தவும் யூனிக்ஸ் நிர்வாகி பல ஆண்டுகளாகக் கற்ற கருவிகளே போதும். வட்டு, திரை, பிணைய அட்டை போன்ற சாதனங்களைக் கியூஇமு என்னும் துணை மென்பொருள் உருவகப்படுத்துகிறது. லிப்வர்ட் என்னும் மேலாண்மைக் கருவி எந்திரத்தின் முழு விவரத்தையும் ஒரு எழுத்துக் கோப்பாகத் தருகிறது. அந்தக் கோப்பையும் வட்டையும் எடுத்துச் சென்றால் எந்திரமே வந்துவிட்டது. ஸென்னும் நம்பகமானதே. அமேசான் நிறுவனத்தின் வாடகைக் கணிப்பொறிச் சேவை 2006-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் அதன் மீதே நடந்தது, 2017-ல்தான் கே.வி.எம். வழிக்குத் திரும்பியது. ஃபிரீ பி.எஸ்.டி.யை ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள் பீஹைவை விட்டு வர வேண்டிய தேவையில்லை. விர்ச்சுவல் பாக்ஸ் மாணவரின் மேசைக்கு நல்லது. தரவு மையத்திற்கு உகந்ததன்று.

இங்கே அலுவலர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உரிமக் கட்டணம் மிச்சமாகிறது என்று கோப்பில் எழுதி அந்தப் பணத்தைக் கருவூலத்திற்குத் திருப்பிவிடும் அலுவலகம், கட்டற்ற மென்பொருளை வைத்து நடத்த இயலாது. அதில் ஒரு பகுதியேனும் ஆட்களின் பயிற்சிக்கும், இரவுப் பணிக்கும், சோதனைக்கென ஒரு தனி எந்திரம் வாங்குவதற்கும் செல்ல வேண்டும். ஒப்பந்த ஊழியர் ஒருவரே எல்லாம் அறிந்தவராக இருந்து, அவர் சென்ற பின் கடவுச்சொல்லைத் தேடும் நிலையை நான் கண்டதுண்டு.

நடத்தும் முறை

நினைவகக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 256 ஜிகாபைட் நினைவகம் உள்ள மூன்று எந்திரங்களை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் தரும் தாளில் 768 என்று இருக்கும். ஆனால் ஒன்று பழுதானால் அதன் சுமையை மற்ற இரண்டும் தாங்க வேண்டும் அல்லவா? ஆகவே 512-ஐத்தான் கணக்கில் கொள்ளலாம். அதிலும் ஒவ்வொன்றிலும் 16 ஜிகாபைட்டை அந்த எந்திரத்தின் சொந்த லினக்ஸுக்கு விட்டால் மிஞ்சுவது 480. மூன்றிலும் சேர்த்து மெய்நிகர் எந்திரங்களுக்கு இதற்கு மேல் அளிக்கக் கூடாது. செயலியை இருப்பதற்கு மேல் பங்கிட்டாலும் பெருங்கேடு இல்லை. வேலை மெதுவாக நடக்கும். நினைவகம் அப்படியன்று. அது தீர்ந்துபோனால் லினக்ஸ் கெர்னல் தன்னைக் காத்துக்கொள்ள, அதிக நினைவகத்தைப் பிடித்திருக்கும் செயல்முறையைத் தேடிக் கொன்றுவிடும். மெய்நிகர் எந்திரம் ஒரு சாதாரணச் செயல்முறை என்று பாராட்டினேனே, அதன் மறுபக்கம் இது. கொல்லப்படுவது பெரும்பாலும் உங்கள் தரவுத்தளமாகத்தான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்தாமலே ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்றுவது இத்துறையின் பெரிய வசதி. பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இதற்கு இரு எந்திரங்களின் செயலிகளும் ஒத்திருக்க வேண்டும். இன்டெல்லில் ஓடுவதை ஏ.எம்.டி.க்கு இவ்வாறு மாற்ற எண்ணக் கூடாது. ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய செயலிகளுக்கு இடையேயும், இரண்டுக்கும் பொதுவான ஒரு செயலி மாதிரியை முன்கூட்டியே குறித்து வைத்தால்தான் இயலும். நமது கொள்முதல் முறையோ ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தப்புள்ளி, குறைந்த விலைக்கு முதலிடம். மூன்றாம் ஆண்டில் வேறு செயலி வந்து சேரும். வாங்கியவர் மீது தணிக்கையில் குற்றமும் இராது. கோரிக்கைத் தாளில் செயலிக் குடும்பத்தைக் குறிப்பிட்டுக் காரணத்தையும் எழுதிவிடுவதே வழி.

இனி என் அனுபவம் ஒன்று. நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியத் தரவுத்தளத்திற்கு முதன்மை எந்திரம், மாற்று எந்திரம் என இரண்டை அமைத்திருந்தோம். ஒன்று விழுந்தால் மற்றொன்று எழும். பலமுறை சோதித்தும் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்வர்களில் ஒன்றைக் கழற்றித் துப்புரவு செய்ய வேண்டியிருந்தது. அதன் மீது இருந்தவற்றையெல்லாம் பக்கத்து சர்வருக்கு மாற்றினோம். சேவையில் ஒரு நொடிகூடத் தடையில்லை; மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம். மாற்றியவற்றைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர யாருக்கும் நினைவில்லை. சில வாரங்களுக்குப் பின், துலாவர்ஷ மழையில் ஒரு மாலை இடி இறங்கிற்று. இந்தப் பகுதியில் ஐப்பசி மாத இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து சர்வர் எரிந்தது. முதன்மையும் மாற்றும் அதன் மீதே இருந்தன. காப்புநகலிலிருந்து மீட்க மறுநாள் பிற்பகலாயிற்று. அது மாதத்தின் முதல் நாள். மலையோரக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்த முதியவர்கள் வராந்தாவில் அமர்ந்திருந்தார்கள். 'சிஸ்டம் இல்லை, நாளை வாருங்கள்' என்று அவர்களிடம் கூறியவர்களில் நானும் ஒருவன். இவ்விரண்டும் ஒரே எந்திரத்தில் இருத்தல் கூடாது என்று மேலாண்மைக் கருவியில் ஒரு விதி எழுதியிருந்தால் போதும். பின்னர் எழுதினோம். அதற்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

அன்று எங்களைக் காத்தது காப்புநகல், ஸ்னாப்ஷாட் அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது மிகப் பரவலான பிழை. ஸ்னாப்ஷாட் என்பது குறிப்பிட்ட நொடியில் வட்டு இருந்த நிலையைக் குறித்துக்கொள்வது. மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுத்து, பணி முடிந்ததும் நீக்கிவிட வேண்டியது. அது பொதுவாக மூல வட்டு இருக்கும் அதே சேமிப்பகத்தில் இருக்கிறது. சேமிப்பகம் போனால் அதுவும் போகும். மாதக்கணக்கில் நீக்காமல் விட்டால் ஒன்றன் மேல் ஒன்றாகச் சங்கிலியாக நீண்டு வேகத்தைக் குறைக்கும், இடத்தை விழுங்கும். காப்புநகல் வேறு எந்திரத்தில், வேறு கட்டடத்தில், இயன்றால் வேறு மாவட்டத்தில் இருக்க வேண்டும். 2017-ன் ஒக்கிப் புயலையும் 2018 ஆகஸ்டு வெள்ளத்தையும் கண்ட மாநிலத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மே 2015-ல் வெனம் என்னும் குறைபாடு வெளியாயிற்று. கியூஇமுவில் நெகிழ்வட்டை இயக்கும் பகுதியில் 2004 முதல் இருந்துவந்த பிழை அது. அதன் வழியே விருந்தினர் எந்திரத்திலிருந்து வெளியேறி வீட்டுக்காரரின் எந்திரத்திற்குள்ளேயே நுழைய வழியிருந்தது. கே.வி.எம்., ஸென், விர்ச்சுவல் பாக்ஸ் மூன்றுமே பாதிக்கப்பட்டன. நெகிழ்வட்டை நம்மில் யார் கடைசியாகத் தொட்டோம்? ஆயினும் அதற்கான நிரல் அங்கே விழித்திருந்தது. தேவையற்ற சாதனங்களை நீக்குவதும், புதுப்பிப்புகளை மாதந்தோறும் இடுவதும் அதனால்தான். எந்திரங்களை நிறுத்தாமல் இடம் மாற்ற இயலுமாயின், புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

மாணவர்கள் இதற்காகத் தரவு மையத்திற்குள் செல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள பழைய கணிப்பொறி போதும். அதில் டெபியனை நிறுவி, கே.வி.எம்.மின் கீழ் ஒரு ஃபிரீ பி.எஸ்.டி. எந்திரத்தை ஓட்டுங்கள். சிறு தரவுத்தளம் ஒன்றை அதில் வையுங்கள். காப்புநகலை நண்பரின் கணிப்பொறிக்கு அனுப்புங்கள். பிறகு ஒரு நாள், அந்த மெய்நிகர் வட்டை உங்கள் கையாலேயே அழித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீட்டெடுங்கள். முதல் முறை பெரும்பாலும் தோற்பீர்கள்: காப்புநகல் பாதியில் நின்றிருக்கும், அல்லது எந்திரத்தின் விவரக் கோப்பை அனுப்ப மறந்திருப்பீர்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் மீண்டும் செய்யுங்கள். அலுவலக நண்பர்களுக்கும் இதே பயிற்சிதான். ஆனால் சோதனைக்கென வாங்கிய அந்தத் தனி எந்திரத்தில் செய்யுங்கள்.

இன்னும் சிறிது நேரம் இருப்பதாகத் தலைவர் குறிப்புக் காட்டுகிறார். கேள்விகளை மலையாளத்திலும் கேட்கலாம்.